சணல் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், ஐயா

நம் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும்,

போன வாரம் செய்தித்தாள் மேசைக்கு மேலே உள்ள பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். “மாதக் கூட்டத்தில் ‘இந்த மாதம் நான் படித்தது’ பகுதியில் பேசுவோர் இனி அறிவியல் புனைகதை, மாயமந்திரக் கதை போன்ற பொழுதுபோக்கு நூல்களைத் தவிர்க்கவும். சமூகப் பயன் உள்ள நூல்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.” கீழே வட்டத்தின் ரப்பர் முத்திரை. அதே நாளில் ஜன்னலோர அலமாரியின் நடுத்தட்டு காலியாகக் கிடந்தது. அங்கே இருந்தவை எங்கே என்று கேட்டேன். பழைய வார இதழ்கள் கிடக்கும் பின்னறைத் தரையில், சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் கயிறு அழுந்திக் கோடு விழுந்துவிட்டது.

நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை வந்தேன். “கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்” என்றார் செயலர். கூட்டத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதுதானே இப்போது பிரச்சினை? அதனால் எல்லோரும் படிக்கும்படியாக எழுதிவிடுகிறேன்.

இந்த அறிவிப்பு எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்.

பிளஸ் ஒன் படிக்கும் அந்தப் பெண் எட்டு மாதமாகக் கூட்டத்துக்கு வருகிறாள். கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்காருவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக எழுந்து முன்னால் வந்தாள். கையில் உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்சீ’ வரிசையின் முதல் நாவல், 1968-ல் வந்தது. கெட் என்று ஒரு பையன். ஆடு மேய்த்தவன். மந்திரம் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், கூடப் படிக்கிறவனிடம் தன் வீரத்தைக் காட்ட ஆசைப்பட்டுச் செத்தவர்கள் உலகத்தின் கதவைத் திறந்துவிடுகிறான். அதன் வழியே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்புறம் ஊர் ஊராக, தீவு தீவாக அவனைத் துரத்துகிறது.

“அவன் நம்ம கலர் சார்” என்றாள் அவள். “செம்பழுப்பு. அவனோட ஃப்ரெண்டு இன்னும் கறுப்பு. இங்கிலீஷ் புக்ல மந்திரவாதி நம்ம கலர்ல இருக்கிறத நான் பார்த்ததே இல்ல.” சிலர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் ஐயா. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் 2004-ல் அமெரிக்காவில் இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, கெட்டை வெள்ளைக்காரப் பையனாக்கிவிட்டார்கள். எழுதிய அம்மா அதை எதிர்த்துப் பகிரங்கமாகவே எழுதினார். கோடிக் கணக்கில் பணம் போட்டுப் படம் எடுக்கிறவர்கள் கண்ணுக்கு ஒரு பொருட்டாகவே படாத வரியை, நம் ஊர்ப் பெண் ஒருத்தி யாரும் சொல்லித்தராமல் பிடித்துவிட்டாள். சமூகப் பயன் என்று அறிவிப்பில் போட்டிருக்கிறீர்களே, அது வேறென்ன?

சிரிப்பு அடங்கியதும் அவள் நிழலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ஓட ஓட அதற்குப் பலம் கூடுகிறது, ஒரு கட்டத்தில் அவனுடைய பழைய குரு, “திரும்பி நின்று நீ அதைத் துரத்து” என்று சொல்கிறார் என்பதுவரை வந்தாள். “எனக்கும் போன வருஷம்…” என்றாள்.

அங்கே மேசை மணி அடித்தது. பத்து நிமிடத்தில் நான்குதான் ஆகியிருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “மாயமந்திரம் போதும்மா. பரீட்சைக்கு உதவற மாதிரி ஏதாவது படி” என்றீர்கள். அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்தவர் எழுந்து, நேர மேலாண்மை பற்றிய புத்தகம் ஒன்றைப் பத்து நிமிடம் முழுவதுமாகப் பேசினார்.

போன வருடம் அவளுக்கு என்ன ஆயிற்று? அது நமக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். எட்டு மாதம் காத்திருந்து ஒரு கதையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சொல்ல வந்த விஷயம் அது. நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். இருபத்திரண்டு வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். எதையோ சொல்ல வந்துவிட்டு, பக்கத்தில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் “தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க” என்று மாற்றிக் கேட்டுப் போகிற பெண்களை அன்றாடம் பார்க்கிறேன். அந்த முகம்தான் அன்று அவள் முகம்.

பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, இரண்டு அட்டைப்பெட்டி ஆங்கிலப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தது. ‘அன்பளிப்பு’ என்று ஊதா மையில் முத்திரை குத்தி நடுத்தட்டில் வைத்தார்கள். முக்கால்வாசி அறிவியல் புனைகதையும் மாயமந்திரக் கதையும். நான் பி.காம். படித்தவள்தான், ஆங்கிலம் சரளமாக வராது. பக்கத்தில் லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு, மத்தியானம் கடையில் ஆள் குறையும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று படித்தேன். மாதக் கூட்டத்தில் வந்து அந்தக் கதைகளைத் தமிழில் சொன்னேன். அப்புறம் மற்றவர்களும் எடுத்துப் போகத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டங்களில் என்ன நடந்தது என்று நிர்வாகக் குழுவில் யாராவது யோசித்துப் பார்த்தீர்களா?

சென்ற ஆடி மாதக் கூட்டம். லெ குவின் 1973-ல் எழுதிய ஓமெலாஸ் கதையைச் சொன்னேன். ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும். ஓமெலாஸ் என்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சேலம் ஊர்ப் பெயர்ப்பலகையைத் தலைகீழாகப் படித்ததில் பிறந்த பெயராம், நம் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். திருவிழா, குதிரைப் பந்தயம், இசை. ஆனால் ஒரு கட்டடத்தின் அடியில், பூட்டிய அறையில், ஒரு குழந்தை கிடக்கிறது. வயது பத்து, பார்த்தால் ஆறு என்றுதான் தோன்றும். தன் மலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மூலையில் தரை துடைக்கும் துடைப்பங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பார்த்து அந்தக் குழந்தைக்குப் பயம். அது அங்கே கிடந்தால்தான் ஊருக்கு அத்தனை சந்தோஷமும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு சிலர் மட்டும் எதுவும் பேசாமல் ஊரைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

துடைப்பம் என்று நான் சொன்னபோது, செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தாளை மடித்து வைத்தார். பேரூராட்சியில் துப்புரவுப் பணி பார்ப்பவர். தினமும் காலையில் வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்து பேப்பர் படிப்பார். அதுவரை ஒரு கூட்டத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் அல்ல. கதை முடிந்ததும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், “ஊரைவிட்டுப் போகிறவர்களின் மனசாட்சி பாராட்டத்தக்கது” என்று தொடங்கினார். அப்போது அந்தத் துப்புரவுப் பணியாளர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: “போறவங்க போற ஊர்லயும் சாக்கடை இருக்கும்ல?”

யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓமெலாஸ் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். அன்று பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஒன்றரைக்கு முடிந்தது. அவர் தன் வேலையைப் பற்றி, கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி, எந்தெந்த வீட்டில் எந்தெந்தச் சொம்பில் தண்ணீர் தருகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசினார். அந்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

அதற்கு முந்தின மாதம் இதே விஷயத்தைப் பற்றிய, பரிசு பெற்ற தமிழ் நாவல் ஒன்றைப் பேசினோம். நல்ல நாவல், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் “மனதை உலுக்கியது” என்று ஐந்து பேர் சொன்னார்கள், நன்றியுரை ஆயிற்று, டீ வந்தது. அவர் அன்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஏன் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கதை நம் பக்கத்து ஊரில் நடந்தால், எந்தத் தெரு, யாருடைய ஆட்கள், எழுதியவர் யார் என்று மனது தன்பாட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. கேட்கிறவர்கள் உஷாராகிவிடுகிறார்கள், சொல்ல வேண்டியவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஓமெலாஸில் எந்தத் தெருவும் யாருக்கும் தெரியாது. கணக்குப் போட வழியில்லாமல் கதைக்குள் போய்விடுகிறோம். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால், அது நம் ஊர்.

நான் சொல்ல வந்தது இதுதான். இல்லாத உலகங்களைப் பற்றிப் பேசிய நாட்களில்தான் நம் கூட்டத்தில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள்.

இது ஒரே ஒரு நாள் நடந்ததும் இல்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவருடைய 1979-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில், சிவனொளிபாத மலையைப் போன்ற ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்குக் கம்பி கட்டி மின்தூக்கி விடுகிறார்கள். அது பூமத்திய ரேகையில்தான் சரிப்படும் என்பதால், ஆசிரியர் இலங்கைத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார். அந்த உச்சியில் ஒரு மடம் இருக்கிறது. பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான்குவழிச் சாலைக்கு வயலைக் கொடுத்த பெரியவர் குறுக்கிட்டு, “அந்தச் சாமியாருங்களுக்கு என்ன இழப்பீடு போட்டாங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அப்புறம் அவர் வீட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேச்சு ஓடியது. வட்டத்து உறுப்பினரான வழக்கறிஞர் அன்றைக்குத்தான் அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்தார்.

செயலர் என்னிடம், “இதெல்லாம் அந்நியச் சரக்குதானே?” என்று கேட்டார். அவருக்கு ஒரு செய்தி. பெண்கள் ஆளும் நாடு ஒன்றை வங்காளத்து ரொக்கேயா பேகம் ஆங்கிலத்தில் எழுதினார், ‘சுல்தானாவின் கனவு’. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள், படையெடுத்து வந்த எதிரியை அந்தச் சூரிய வெப்பத்தைக் கொண்டே விரட்டுகிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது எங்கே தெரியுமா? சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில், 1905-ல். சோலார் பேனலுக்கு மானியம் வாங்க நாம் இன்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் மாகாணத் தலைநகரில் ஒரு பெண் ஆசிரியர் தைரியமாக அச்சிட்ட கதையை, நூற்றிருபது வருடம் கழித்து நம் கூட்டத்தில் சொல்லக் கூடாது என்றால் என்ன அர்த்தம்?

சீனத்து லியூ சிசின் எழுதிய ‘மூன்று உடல் சிக்கல்’ நாவலும் அந்தச் சணல் கட்டுக்குள்தான் இருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள் என்றதும் முகம் சுளித்தீர்கள். அந்த நாவல் தொடங்குவது மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில், ஒரு இயற்பியல் பேராசிரியரை மேடையில் ஏற்றி, மகள் பார்த்துக்கொண்டிருக்க அடித்துக் கொல்லும் காட்சியில். சீனாவில் புத்தகமாக வந்தபோது அந்தக் காட்சியை முன்னால் வைக்காமல், நடுவில் தள்ளி வைத்தார்கள். 2014-ல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் அது முதல் பக்கத்துக்கு வந்தது, ஆசிரியர் முதலில் நினைத்திருந்த இடமும் அதுதான். முதல் அத்தியாயத்தை நடுவில் ஒளித்துவைத்துப் பிழைத்த ஒரு புத்தகத்தை, நாம் சணல் போட்டுக் கட்டிப் பின்னறையில் வைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டிராகன் கதை ஒன்றைச் சொல்கிறேன் என்று எழுந்த அந்த இன்ஜினியர் தம்பி, கரும்பலகையில் வம்சாவளி வரைந்து, முக்கால் மணி நேரம் பேசினார். யார் யாருக்கு மாமன், யார் யாரைக் கொன்றார் என்று நானே தொலைந்துபோனேன். அன்றைக்கு நீங்கள் மணி அடித்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். இன்னொருவர், நான் முன்பதிவு செய்து காத்திருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அப்படியே போட்டு உடைத்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த வகையில் குப்பை நிறைய உண்டு. புகழ் பெற்றவற்றிலும் குறை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் முதல் புத்தகத்தில் கேலக்ஸி முழுவதும் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெண்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் எழுந்து சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்த மாதம் வரும்போது புத்தகத்தை மறுபடி படித்துவிட்டு, “அக்கா, எண்ணிப் பார்த்தேன், நீங்க சொன்னது சரிதான்” என்றார். வாசகர் வட்டம் என்பது இதற்குத்தானே? மோசமாகப் பேசினால் மணி அடியுங்கள். மோசமான புத்தகம் என்றால் எழுந்து சொல்லுங்கள். ஒரு வகையையே வாசலில் நிறுத்தாதீர்கள்.

அதிலும் நீங்கள் நிறுத்துவதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஐயா.

நான் உங்களிடம் 9-ஆம் வகுப்புத் தமிழ் படித்தவள். நீங்கள் மறந்திருக்கலாம். ஒரு மழை நாளில், பாதி வகுப்பு வரவில்லை, பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சீவக சிந்தாமணிக் கதையைச் சொன்னீர்கள். சச்சந்தனுக்குத் தன் நாடு போகப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. கர்ப்பிணி மனைவி விசயை தப்பிப்பதற்காகத் தச்சனிடம் சொல்லி ஒரு மயிற்பொறி செய்கிறான். கரும்பலகையில் அந்த மயிலை வரைந்தீர்கள். இறக்கைக்குப் பச்சைச் சாக்பீஸ். கழுத்துக்கு நீலம் கிடைக்கவில்லை என்று என் பேனா மையைத் தொட்டுப் பூசினீர்கள். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு மேலே போகும், இடப்பக்கம் திருகினால் கீழே வந்து கால் குவித்து உட்காரும் என்றீர்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “பெட்ரோல் எங்க ஊத்துவாங்க சார்?” என்றான். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் அவனைத் திட்டவில்லை. “அத நீ யோசிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்லு” என்றீர்கள். அவன் மறுநாள் நிஜமாகவே எதையோ வரைந்துகொண்டு வந்தான்.

விசயை பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு மயங்கியதும், மயில் சுடுகாட்டில் போய் இறங்குகிறது, அங்கேதான் சீவகன் பிறக்கிறான். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் கம்மியதை நான் மறக்கவில்லை. அன்று அதற்குச் சமூகப் பயன் உண்டா என்று நீங்கள் கேட்டிருந்தால், திருத்தக்கதேவரைப் பின்னறையில்தான் கட்டி வைத்திருக்க வேண்டும். கூடவே மணிமேகலையையும். நமக்குப் பக்கத்துப் பூம்புகார்ப் பெண் அவள். வானத்தில் பறந்தாள், வேறு உருவம் எடுத்தாள், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பசியைத் தீர்த்தாள்.

(புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று வருவதால் நாம் அன்றே டிரோன் விட்டோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்தக் கட்சி நான் இல்லை. ஓட்டுகிறவன் இல்லாமல் வானத்தில் போகும் ஊர்தியை ஒரு புலவர் மனதில் பார்த்திருக்கிறார், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.)

உங்கள் வகுப்பிலிருந்து நான் நேராக இந்த நூலகத்துக்குத்தான் வந்தேன். யாரோ வார இதழிலிருந்து கிழித்து, தைத்து, பைண்டிங் செய்து கொடுத்திருந்த ‘என் இனிய இயந்திரா’ கிடைத்தது. ஆட்களுக்கு இரண்டெழுத்தில்தான் பெயர் இருக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்ட நாடு, மனிதர்களைவிட அதிகம் யோசிக்கிற ஒரு இயந்திர நாய். நடுவில் நான்கு பக்கம் இல்லை, அதை நானே கற்பனை செய்துகொண்டேன். எழுதிய சுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் போனார். மார்ச் 19-ல் கொழும்பில் கிளார்க் போனார். மூன்றே வாரத்தில் இரண்டு பேர். அந்த மாதம் பேசுவதற்கு ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போது நம் ஊரில் வாசகர் வட்டம் இல்லை. பிறகு நீங்கள் ஆரம்பித்தீர்கள். அதற்காக உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொன்று. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் சீர்காழி. நூலக இயலின் தந்தை என்று நாம் மாலை போடும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்த ஊர். பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான், சியாழி. நம் நூலகச் சுவரிலும் அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் மூன்று: நூல்கள் பயன்படுத்தவே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். கணித ஆசிரியராக இருந்தவர், விலக்கு இருந்தால் எழுதியிருப்பார். ‘மாயமந்திரம் நீங்கலாக’ என்று அவர் எழுதவில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம், அந்தத் துப்புரவுப் பணியாளரும் கட்டுகிறார். அலமாரியில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் வாசகர் வட்டத்துக்கு இல்லை. நூலகருக்கு யார் வாய்மொழியாகச் சொல்லிப் புத்தகங்களை எடுக்க வைத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. திரும்ப வைத்தால் போதும்.

நான் கேட்பது இவை.

அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். திருத்தி எழுத வேண்டாம், ‘தரமான அறிவியல் புனைகதை மட்டும்’ என்று சமரசமும் வேண்டாம். தரம் எது என்று பேசிப் பார்ப்பதற்குத்தானே கூடுகிறோம்.

பின்னறையில் இருக்கும் கட்டை அடுத்த கூட்டத்துக்கு முன் அவிழ்த்து, பழைய நடுத்தட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். அட்டை கிழிந்தவற்றை என்னிடம் கொடுங்கள், கடையில் பசையும் பிரவுன் தாளும் இருக்கிறது, ஒட்டித் தருகிறேன். கிளை நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு மாவட்ட நூலகத்துக்கு நீங்கள் அனுப்பும் பட்டியலில், இந்த வகையில் தமிழில் வந்தவற்றில் ஐந்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை நானும் அந்தப் பாலிடெக்னிக் தம்பியும் எழுதித் தருகிறோம். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கதைகள் என்று ஆகிவிடக் கூடாது.

பேச்சுக்கு நேரக் கட்டுப்பாடு வையுங்கள். எல்லோருக்கும் பத்து நிமிடம், நேர மேலாண்மை பேசுகிறவருக்கும் பத்து நிமிடம். முடிவைச் சொல்லக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தால் என் மனம் குளிரும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, நேரம் முடியும்முன், புத்தகத்தின் வகையைக் காரணம் காட்டி மணி அடிப்பதில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு நிமிடம் பாக்கி இருக்கிறது. அவள் இனி வருவாளா என்று தெரியவில்லை. நீங்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடாதீர்கள், பயந்துவிடுவாள். அவள் வீட்டுக்கு நேரில் போய், உங்கள் கையால் அந்த எர்த்சீ புத்தகத்தைக் கொடுத்து, மீதியைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ‘போன வருஷம்’ பற்றி மட்டும் கேட்க வேண்டாம். சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம்.

அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. பேசுவோர் பட்டியலில் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் ‘சுல்தானாவின் கனவு’. பேசவிடாவிட்டால், வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியில் நின்று பேசுவேன், மைக் எனக்குத் தேவையில்லை. என் முறைக்கு அப்புறம் ஒரு பத்து நிமிடம் உங்களுக்கு ஒதுக்கச் சொல்லி செயலரைக் கேட்டுக்கொள்கிறேன். பச்சைச் சாக்பீஸ் நான் வாங்கி வருகிறேன். இந்த முறை நீலமும் சேர்த்து.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்,
உங்கள் 9-ஆம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவி